பிஜிஎல்-1 எங்கே இருக்கிறது, அங்கே என்ன செய்கிறது

கேள்வி: 2024 ஜூன் 8, மாலை 6.15

அக்கா, எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் செமினார். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவில் பிஜிஎல்-1 என்ற புரதத்தை எடுத்திருக்கிறேன். "வாழ்க்கை முழுவதும் இனப்பெருக்க உயிரணுக்களில் மட்டுமே இருக்கிறது. கருவில் எந்த உயிரணுவுக்குள் இது போகிறதோ அதுவே இனப்பெருக்க உயிரணு ஆகிறது." இப்படி எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே? ஒரே ஸ்லைடில் முடித்துவிடலாமா?

ஜூன் 8, இரவு 9.40

முதல் வாக்கியம் கிட்டத்தட்ட சரி. இரண்டாவதை அழித்துவிடு. ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று காட்டும் படத்தை வைத்துக்கொண்டு அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. இந்தப் புழுவில் இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம், அதனால்தான் உன் இரண்டாவது வாக்கியம் கையில் இவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது. அதை நாளை எழுதுகிறேன். முதலில் இடம்.

கருவுற்ற முட்டைக்கு பி0 என்று பெயர். அது பிரிந்தால் முன்பக்கம் ஏபி, பின்பக்கம் பி1. பி1 பிரிந்து இஎம்எஸ், பி2. பி2 பிரிந்து சி, பி3. பி3 பிரிந்து டி, பி4. நான்கு பிரிவும் சமமற்றவை. ஒவ்வொரு முறையும் ஒரு மகள் உடலைக் கட்டப் போய்விடும், இன்னொன்று பி என்ற பெயரோடு தொடரும். கருவில் ஏறத்தாழ 24 உயிரணுக்கள் இருக்கும்போது பி4 வந்துவிடுகிறது. நூறை நெருங்கும்போது பி4 சமமாகப் பிரிந்து இசட்2, இசட்3 என்று இரண்டு ஆகும். இந்தப் புழு பிற்பாடு செய்யப்போகிற முட்டை, விந்து அத்தனையும் அந்த இரண்டு உயிரணுக்களின் வாரிசுகள்தான்.

பிஜிஎல்-1 இந்தப் பாதை நெடுக வருகிறது, ஆனால் தனியாக வருவதில்லை. ஆர்என்ஏவும் புரதங்களும் திரண்ட பி துகள்களுக்குள் வருகிறது. அந்தத் துகள்களை 1982ல் சூசன் ஸ்ட்ரோமும் வில்லியம் வுட்டும் குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் ஆன்டிபாடிகளால் கருவிலும் இளம்புழுவிலும் வளர்ந்த புழுவிலும் காட்டினார்கள். துகளின் உறுப்பாக பிஜிஎல்-1 அடையாளம் காணப்பட்டது 1998ல், ஸ்ட்ரோமின் ஆய்வகத்திலேயே.

உயிரணுவுக்கு உள்ளே எங்கே என்பதும் கட்டத்துக்குக் கட்டம் மாறும். பி0வில் முதலில் சைட்டோபிளாசம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். முதல் பிரிவுக்கு முன்பே பின்பக்கம் சேர்ந்துவிடும். பி2, பி3 வரும்போது உட்கருவை ஒட்டத் தொடங்கும். பி4ல் பெரும்பாலும் உட்கருவைச் சுற்றியே இருக்கும். அதற்கப்புறம் இசட்2, இசட்3, இளம்புழுக்கள், வளர்ந்த புழுவின் சூலகக் குழாய் எல்லாவற்றிலும் அதே இடம்தான்: உட்கரு உறைக்கு வெளிப்புறம், உட்கருத் துளைகள் கொத்தாக இருக்கும் இடங்களின் மேல். முட்டை முதிரும்போது உறையை விட்டு இறங்கி மறுபடி சைட்டோபிளாசத்தில் பரவும். அடுத்த தலைமுறையின் பி0வில் சிதறிக் கிடப்பவை இவைதான்.

ஜூன் 8, இரவு 10.05

ஒன்று விட்டுப்போயிற்று. "வாழ்க்கை முழுவதும்" என்பதில் ஓர் இடைவெளி உண்டு. முதிர்ந்த விந்தில் பி துகள்கள் இல்லை, விந்து உருவாகும் வழியிலேயே கலைந்துவிடும். இருபாலிப் புழு நான்காம் இளம்பருவத்தில் முதலில் விந்து செய்து சேமித்துக்கொள்ளும், அப்புறம் முட்டைக்கு மாறும். ஆகவே கருவுக்கு வரும் துகள்கள் எல்லாம் முட்டை வழியாக வந்தவை.

விந்து தருவது திசையை. அது நுழைந்த பக்கம்தான் பின்பக்கம் ஆகிறது என்று 1996ல் காட்டினார்கள். அப்பா துகளைத் தருவதில்லை, துகள் எங்கே சேரவேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்கிறார். அதுவும் இருபாலியில் அப்பாவும் அம்மாவும் ஒரே புழு! வகுப்பில் இதைச் சொன்னால் யாராவது சிரிக்காமல் இருந்ததில்லை. சிரித்தவர்கள் மறப்பதும் இல்லை.

ஜூன் 9, காலை 7.30

"பின்பக்கம் சேர்ந்துவிடும் என்றால் ஓடிப்போய்ச் சேருமா?" என்று இரவே கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. நான் படிக்கும்போது எனக்குச் சொல்லித்தந்த விடை ஆம். முட்டைக்குள் சைட்டோபிளாசம் நடுவில் பின்பக்கம் நோக்கியும், விளிம்பில் முன்பக்கம் நோக்கியும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் துகள்கள் அடித்துக்கொண்டு போவதை உயிருள்ள கருவில் படம் பிடித்திருந்தார்கள். முன்பக்கம் தங்கிவிட்டவை மறைந்துபோவதும் 1990களிலேயே தெரியும்.

2009ல் கிளிஃபோர்ட் பிராங்வின், அந்தோணி ஹைமன் முதலானோர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்திலிருந்து வெளியிட்ட கட்டுரை இந்தக் கதையின் எடையை இடம் மாற்றியது. பி துகள்கள் கெட்டியான உருண்டைகள் அல்ல, திரவத் துளிகள். ரசத்தின் மேல் மிதக்கும் நெய்த்துளிகள் தொட்டதும் ஒன்றாகிவிடுவதுபோல இவையும் ஒன்றோடொன்று இணைகின்றன, உட்கருவின் மேல் வழிகின்றன. முன்பக்கம் இருப்பவை கரைகின்றன, பின்பக்கம் இருப்பவை திரள்கின்றன. பின்பக்கம் சேர்வதற்கு முக்கியக் காரணம் இந்தக் கரைதலும் திரளுதலும்தான். ஓட்டம் இல்லையென்று அவர்கள் சொல்லவில்லை, அது மட்டும் போதாது என்றார்கள்.

முன்பக்கம் ஏன் கரைகிறது? மெக்ஸ்-5 என்ற புரதம் அங்கே அதிகம். அதை முன்பக்கம் தள்ளி வைப்பது "பார்" (PAR) என்ற பெயருள்ள புரதங்கள். 1988ல் கென் கெம்ஃபியூஸின் குழு கண்டுபிடித்த அந்த மரபணுக்களில்தான் முன், பின் என்ற பேச்சே தொடங்குகிறது. துகளைப் பிடித்து நிறுத்துவதில் மெக்-3 என்ற ஒழுங்கற்ற வடிவப் புரதத்துக்கும் பங்கு உண்டு. அது பிஜிஎல்-1 துளியின் மேற்பரப்பில் திரவமாக இல்லாமல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். எனவே "திரவத் துளி" என்பதுகூட முழுப்படம் இல்லை. உள்ளே திரவம், மேலே கெட்டி என்று ஸ்லைடில் எழுது. மெக்ஸ்-5, மெக்-3 இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே, செமினாரில் அடிக்கடி நடப்பது அது.

ஜூன் 9, இரவு 8.50

இப்போது அந்த இரண்டாவது வாக்கியம்.

துகள் போகும் இடத்தில் இனப்பெருக்க உயிரணு உருவாகிறது. துகளே அதை உருவாக்குகிறதா? இதைச் சோதிக்க ஒரே வழி, துகளை எல்லா உயிரணுக்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துப் பார்ப்பது. 2010ல் ஜெரால்டின் செய்டூவின் ஆய்வகம் அதைச் செய்தது. பிபிடிஆர்-1 என்ற மரபணு கெட்ட கருக்களில் ஒவ்வொரு உயிரணுப் பிரிவின்போதும் துகள்கள் உதிர்ந்துவிடும், அவற்றிலுள்ள புரதங்கள் ஏபி, பி1 என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் போகும். உன் வாக்கியம் உண்மையானால் என்ன ஆகவேண்டும்? ஒன்று உடல் உயிரணுக்கள் எல்லாம் இனப்பெருக்க உயிரணுக்களாக மாறவேண்டும், அல்லது இசட்2, இசட்3 கெட்டுப்போக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. இசட்2, இசட்3 உரிய இடத்தில் பிறந்தன. பெரும்பாலான புழுக்கள் வளர்ந்து குஞ்சு பொரித்தன.

இந்தக் கட்டுரையைப் படித்த அன்று ஆய்வகத்தில் மதியச் சாப்பாடு வெகுநேரம் நீண்டது. ஏற்றுக்கொள்ள மனம் வராத ஒருவர் "மீதி கொஞ்சம் துகள் பி4ல் இருந்திருக்கும்" என்று கடைசிவரை வாதாடினார். அதுவும் நியாயமான சந்தேகம்தான். ஆனாலும் எனக்கு இந்தச் சோதனை மிகப் பிடிக்கும். இடத்தைக் கலைத்துவிட்டு உயிரணுவின் விதி, அதாவது அது என்னவாகப் போகிறது என்பது, மாறுகிறதா என்று பார்ப்பதைவிட நேரான கேள்வி கிடையாது.

அப்படியானால் துகள்கள் வீண் என்று எழுதிவிடாதே. பிஜிஎல்-1 இல்லாத புழுக்கள் 26 டிகிரியில் மலடாகிவிடும், குளிரான வெப்பநிலையில் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். அதன் உறவினர் பிஜிஎல்-3, ஆர்என்ஏவின் முறுக்கைப் பிரிக்கும் ஹெலிகேஸ் வகையைச் சேர்ந்த ஜிஎல்எச்-1, ஜிஎல்எச்-4 ஆகியவற்றையும் சேர்த்து ஒடுக்கினால், வளர்ந்த புழுவின் இனப்பெருக்க உயிரணுக்கள் சிலவற்றில் நரம்பணுவுக்குரிய மரபணு செயல்படத் தொடங்குகிறது, சிலவற்றில் நரம்பு இழை போன்ற நீட்சிகூட வளர்கிறது. இது 2014ல் வந்த முடிவு. நான் இதை இப்படிப் படிக்கிறேன்: பி துகள் இனப்பெருக்க உயிரணுவை ஆக்குவதில்லை, ஆகிவிட்டதை வேறொன்றாக மாறவிடாமல் காக்கிறது. அதற்கு முக்கியமான இடம் 4 உயிரணுக் கரு அல்ல, வளர்ந்த புழுவின் சூலகம். உன் ஸ்லைடில் கரு மட்டும்தானே இருக்கிறது?

ஜூன் 10, மதியம் 1.10

"அப்போது விதியைத் தீர்மானிப்பது எது?" இதற்குப் பதில் வேண்டுமானால் பை-1 புரதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்.

இதுவும் பி0விலிருந்து பி4 வரை கிட்டத்தட்ட அதே பாதை. ஒளிரவைத்தால் மேலோட்டமாக பிஜிஎல்-1 படம்போலவே தெரியும். ஆனால் கூர்ந்து பார், துகளோடு கொஞ்சம் இருந்தாலும் உட்கருவுக்கு உள்ளேயும் இருக்கும், உயிரணு பிரியும்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் இழைகள் கிளம்பும் சென்ட்ரோசோமிலும் தெரியும். பிஜிஎல்-1 உட்கருவின் வாசலில் நிற்கிறது, இது உள்ளே போகிறது. உள்ளே போய், ஆர்என்ஏ பாலிமரேஸ்-2 என்ற நொதி புதிதாக ஆர்என்ஏ படியெடுப்பதைத் தடுக்கிறது. பை-1 இல்லாவிட்டால் பி2 தன் சகோதரி இஎம்எஸ் போல நடந்துகொண்டு தொண்டையும் குடலுமாக ஆகிவிடும், இசட்2 இசட்3 பிறக்கவே பிறக்காது. பிரீஸ், மெல்லோ, செய்டூ குழுக்கள் 1992லும் 1996லும் இதைத் தெளிவாக்கின. ஆர்என்ஏவைக் கொண்டு மரபணுவை அடக்கும் ஆர்என்ஏஐக்காக 2006ல் நோபல் வாங்கிய அதே கிரெய்க் மெல்லோதான்.

ஆக இங்கே இடமும் வேலையும் பொருந்துகின்றன. பிஜிஎல்-1 விஷயத்தில் பொருந்தவில்லை. படங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. மரபணுவைக் கெடுத்துப் பார்த்துத்தான் தெரிந்தது.

உடல் உயிரணுவுக்குத் தவறிப்போன பை-1ஐ அங்கே உள்ள ஜிஃப்-1 என்ற புரதம் அதன் முதல் துத்தநாக விரலை (துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் பகுதியை) அடையாளம் கண்டு அழிவுக்கு அனுப்பும். பிஜிஎல்-1க்கு வேறு வழி: செபா-1 என்ற புரதத்தின் உதவியோடு துகள்களாகவே, உயிரணு தன் பொருள்களையே செரிக்கும் தன்னுண்ணல் பைகளுக்குள் போய்ச் செரிக்கப்படும். சீனாவில் ஹாங் ஜாங்கின் குழு 2009ல் காட்டியது. தன்னுண்ணல் கெட்ட கருக்களில் உடல் உயிரணுக்களிலும் பிஜிஎல்-1 மணிமணியாகத் தங்கிவிடும். அப்படித் தங்கியும் அவை இனப்பெருக்க உயிரணுவாக மாறுவதில்லை. நேற்று சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்.

ஜூன் 10, இரவு 11.20

பை-1 பற்றி மதியம் எழுதியதில் ஒரு சேர்க்கை. பி4 பிரிந்ததும் பை-1 மறைந்துவிடும், ஆகவே இது கருவுக்கு மட்டுமான புரதம் என்றுதான் ரொம்ப காலம் வரைபடங்களில் போட்டார்கள். டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் திருத்தும் கிரிஸ்பர் முறையில் புழுவின் சொந்த மரபணுவிலேயே ஒளிரும் குறியை ஒட்டிப் பார்த்த பிறகு, வளர்ந்த இருபாலியின் சூலகக் குழாயிலும் அது இருக்கிறது என்று மெல்லோவின் ஆய்வகம் 2021ல் காட்டியது. அங்கே அதன் வேலையும் வேறு, சூமோ என்ற சிறு புரதத்தோடு சேர்ந்து மரபணுக்களை அடக்கிவைப்பது. பழைய வரைபடம் எடுத்திருந்தால் மாற்றிவிடு.

ஜூன் 12, காலை 6.45

இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தைக் குறியாக ஒட்டிய பழைய புழுக்களில் இனப்பெருக்க உறுப்பு இருட்டாக இருக்கிறதே, அங்கே புரதம் இல்லை என்று கொள்ளலாமா?

கூடாது. வெளியிலிருந்து செலுத்தும் டிஎன்ஏ, நூற்றுக்கணக்கான நகல்களாகச் சங்கிலிபோலச் சேர்ந்து நிற்கும். இப்படித் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏவை இந்தப் புழு தன் இனப்பெருக்க உயிரணுக்களில் வாயடைத்துவிடும். உடலில் பளிச்சென்று எரியும் அதே மரபணு அங்கே மட்டும் அணைந்திருக்கும். 1990களிலேயே தெரிந்த விஷயம். எனவே பழைய ஜிஎஃப்பி படம் என்றால், மரபணு எப்படி உள்ளே வைக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். இருட்டு என்பது எதற்கும் சாட்சி இல்லை.

ஜூன் 12, இரவு 9.15

ஆன்டிபாடி வேலை பற்றியும் கேட்டிருந்தாய். நான் இந்தத் துறையில் முதலில் கற்றது அதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

கருவின் ஓடு ஆன்டிபாடியை உள்ளே விடாது. உறையவைத்து உடைக்கும் முறைதான் வழக்கம். முட்டை நிறைந்த புழுவை பாலிலைசின் பூசிய ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் வெட்டினால் கருக்கள் வெளியே வரும். மேலே கவர்சிலிப். வடிதாளால் ஓரத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே நுண்ணோக்கியில் பார். கருக்கள் லேசாகத் தட்டையாகும் நொடியில் நிறுத்து. அதிகம் உறிஞ்சினால் வெடித்துவிடும், குறைவானால் ஓடு உடையாது. உலர்பனியின் மேலோ திரவ நைட்ரஜனிலோ வைத்து உறையவிட்டு, பிளேடு முனையால் கவர்சிலிப்பைச் சட்டென்று தெறிக்கவிட வேண்டும். கருவின் ஓடு அதோடு போகும். உடனே குளிர்ந்த மெத்தனால். அந்தச் "சட்டென்று" கைக்கு வர எனக்கு வெகுகாலம் ஆனது. ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டினால்தான் வரும்.

அப்புறம் கே76 என்ற மோனோகுளோனல் ஆன்டிபாடி. அது பிஜிஎல்-1ஐப் பிடிக்கும், அமெரிக்காவின் அயோவாவில் உள்ள ஹைபிரிடோமா வங்கியில் கிடைக்கும். டிஎன்ஏவை ஒளிரவைக்கும் டாப்பி சாயத்தையும் சேர்த்துப் போடு, உட்கரு எத்தனை என்று எண்ணாமல் "இது பி3" என்று சொல்லவே முடியாது. வெறும் பச்சைப் புள்ளிகளை வைத்துக் கட்டத்தைச் சொல்லும் போஸ்டர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

முக்கிய எச்சரிக்கை: குடல். புழுவின் குடலணுக்களில் தானாகவே ஒளிரும் மணிகள் உண்டு. இசட்2, இசட்3 இருப்பது உடலின் நடுவில், குடலை ஒட்டி. ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர் ஒவ்வொருவருக்கும் குடல் ஒரு கண்டுபிடிப்பைக் காட்டி ஆசை மூட்டும், "குடலிலும் பிஜிஎல்-1!" என்று ஓடிவருவார்கள். முதல் ஆன்டிபாடி (இங்கே கே76) போடாத ஒரு ஸ்லைடை எப்போதும் கூடவே வைத்துக்கொள். அதிலும் அதே மணிகள் மின்னினால் கண்டுபிடிப்பு முடிந்தது.

ஜூன் 13, மாலை 5.30

குடலில் உண்மையாகவே பிஜிஎல்-1 தெரிவதும் உண்டு. லின்-35 போன்ற மரபணுக்கள் கெட்ட புழுக்களில் முதல் இளம்பருவத்தில் குடலணுக்களும் தோலணுக்களும் பிஜிஎல்-1ஐத் தாங்களே தயாரிக்கும், துகளாகவும் திரட்டும். லின்-35 மனிதர்களில் உள்ள ரெட்டினோபிளாஸ்டோமா புரதத்தின் உறவு. ஆக உடல் உயிரணுக்கள் அந்த மரபணுவை இடைவிடாமல் அடக்கி வைத்திருக்கின்றன. "இனப்பெருக்க உயிரணுக்களில் மட்டுமே" என்ற உன் சொல் இயல்பான புழுவுக்குச் சரி, அந்த "மட்டுமே"க்குப் பின்னால் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன: பங்கிடுவது, தவறி வந்ததைச் செரிப்பது, புதிதாகச் செய்யாமல் அடக்குவது.

ஜூன் 13, மாலை 5.50

இசட்2, இசட்3 குஞ்சு பொரியும்வரை பிரிவதே இல்லை. பொரித்தபின் உணவு கிடைத்தால்தான் பிரியும், பட்டினியில் அப்படியே காத்திருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் சும்மா இருக்கின்றன என்று நினைக்காதே. கருவிலேயே இரண்டும் பெரிய மடல்களைப் பக்கத்துக் குடலணுக்களுக்குள் நீட்டும், குடலணுக்கள் அந்த மடல்களை வெட்டிச் செரித்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவில் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. ஜெரமி நான்ஸின் ஆய்வகம் 2016ல் சொன்னது. உட்கருவும் அதைச் சுற்றிய துகள்களும் மிஞ்சுகின்றன. படத்தில் இசட்2வின் ஓரம் கிழிந்ததுபோலத் தெரிந்தால் ஸ்லைடைக் குறை சொல்லும் முன் கருவின் வயதைப் பார்.

ஜூன் 16, காலை 10.00

"பி துகள்" என்று நான் ஒரே பொருளாக எழுதிக்கொண்டே வந்தேன். கருவின் தொடக்கத்தில் அது போதும். நூறு உயிரணுக் கட்டத்தில், அதாவது இசட்2, இசட்3 பிறக்கும் சமயத்தில், இசட்என்எஃப்எக்ஸ்-1 என்ற புரதம் பி துகளிலிருந்து பிரிந்து தனித் துகளாகிறது. அதை இசட் துகள் என்கிறார்கள். வளர்ந்த சூலகத்தில் பி துகளுக்கும் ஆர்என்ஏஐயில் பங்குள்ள மியூட்டேட்டர் துகளுக்கும் நடுவில் அது நிற்கும். 2018ல் ஸ்காட் கென்னடியின் குழு வெளியிட்டது. ஆர்என்ஏஐயின் விளைவு அடுத்த தலைமுறைகளுக்குப் போவதற்கு இந்த ஏற்பாடு வேண்டும். நல்ல நுண்ணோக்கி இல்லாமல் மூன்றும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். எனவே "பிஜிஎல்-1உடன் சேர்ந்து இருக்கிறது" என்ற வாக்கியத்தைப் பழைய கட்டுரைகளில் பார்த்தால், எந்தக் கட்டத்தில், எவ்வளவு கூர்மையான படத்தில் என்று கேட்டுக்கொள்.

ஜூன் 16, இரவு 9.30

"அறிமுகத்தில் போவெரியைப் போடலாமா?" தாராளமாகப் போடு, ஆனால் புழுவை மாற்றிப் போடாதே. ஜெர்மன் உயிரியலாளர் தியோடர் போவெரி பார்த்தது குதிரையின் குடலில் வாழும் பெரிய உருளைப்புழுவின் முட்டைகளை. 1887ல் அவர் கண்டது: உடலாகப் போகும் உயிரணுக்கள் தம் குரோமோசோம்களின் ஒரு பகுதியைக் கழித்துவிடுகின்றன, இனப்பெருக்க உயிரணு மட்டும் முழுதாக வைத்துக்கொள்கிறது. எலிகன்ஸ் அப்படி எதையும் கழிப்பதில்லை.

பிற்பாடு அவர் செய்த இன்னொரு சோதனையைத்தான் நான் போடச் சொல்வேன். முட்டைகளை மையவிலக்கியில் சுழற்றி, பின்பக்கச் சைட்டோபிளாசம் இரண்டு மகள்களுக்கும் போகும்படி பிரிவின் திசையைத் திருப்பினார். இரண்டு மகள்களும் குரோமோசோம்களை முழுதாக வைத்துக்கொண்டன. இங்கே பங்கிட்டுக் கொடுத்தது விதியையே மாற்றியது, பிபிடிஆர்-1 கருவில் பங்கிட்டது மாற்றவில்லை. போவெரி பங்கிட்டது பின்பக்கச் சைட்டோபிளாசம் முழுவதையும், 2010ல் பங்கிடப்பட்டது பி துகளின் பொருளை மட்டும். இரண்டு படங்களையும் ஒரே ஸ்லைடில் வை, மற்றதெல்லாம் அடுத்த ஸ்லைடுகளில்.